ரொறன்ரோவில் நாயோடு வாடகை வீடு: மறைக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு வயது நாயொன்றையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்திருப்பதாகவும், இப்போதைக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் மாமா வீட்டில் தங்கியிருப்பதாகவும், பார்க்கப் போன ஐந்து இடங்களிலும் நாய் என்றதும் முகம் மாறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. "நாயைப் பற்றி வாயே திறக்காமல் கையெழுத்தை வையுங்கள், பிறகு கொண்டுபோங்கள், இங்கே சட்டம் உங்கள் பக்கம்" என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். அது சரியா என்று கேட்கிறீர்கள். நண்பர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தச் சட்டம் எந்த வீட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அது தெரியாமல்தான் நான் ஒரு ஜனவரி மாதத்தில் வீடு தேடி அலைந்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. குடிபுகுந்த பின்னர், நாய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உங்களை வீட்டை விட்டு எழுப்ப முடியாது. அந்த நாய் வீட்டைப் பழுதாக்க வேண்டும், அல்லது அயலவரின் நிம்மதியைக் கெடுக்க வேண்டும், அல்லது வீட்டுக்காரருக்கோ பக்கத்தில் குடியிருப்பவருக்கோ கடுமையான ஒவ்வாமையை உண்டாக்க வேண்டும், அல்லது இயல்பிலேயே ஆபத்தான இனமாக இருக்க வேண்டும். அப்போதும் வீட்டுக்காரர் இதற்கென உள்ள தீர்ப்புச் சபைக்கு விண்ணப்பித்து உத்தரவு பெற வேண்டுமே தவிர, தன்பாட்டில் பூட்டை மாற்றிவிட முடியாது. ஆனால் இவ்வளவும் திறப்பு உங்கள் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்னர், நாய் வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக வீடு தர மறுத்தால் அது குற்றமல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. ஐந்து இடங்களில் உங்களுக்கு நடந்தது இதுதான்.

இனி என் கதை. வந்த மூன்றாவது வருடம் ஸ்காபரோவில் தமிழர் ஒருவருடைய வீட்டின் பேஸ்மன்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், இருந்தேன். தனி வாசல், தனிக் குளியலறை; சமையலறை மட்டும் மேலே, அவர்களோடு பொது. என் நாயை மூன்று கிழமை மறைத்து வைத்திருந்தேன். பகலில் அது இருக்கும் இடமே தெரியாது. இரவில் பக்கத்து அறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 'டப்' என்று பற்றி உறுமத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று குரைக்கும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் எத்தனை முறை பற்றும் என்பதை இனி நீங்களே எண்ணிப் பார்ப்பீர்கள். அதற்கு நேர் மேலேதான் வீட்டுக்காரரின் தாயாருடைய படுக்கை. முதற்கிழமை தொலைக்காட்சிச் சத்தம் என்றேன். இரண்டாம் கிழமை நண்பரின் நாய் வந்து நிற்கிறது என்றேன். மூன்றாம் கிழமை, எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அந்த அம்மா கஞ்சிக் கோப்பையோடு படியிறங்கி வந்தபோது, கதவடியில் என் நாய்தான் அவரை வரவேற்றது. மாதக் கடைசியில் போகச் சொன்னார்கள். சட்டம் பேசலாம் என்று விசாரித்தபோதுதான், வீட்டுச் சொந்தக்காரரோடோ அவருடைய பெற்றோர், பிள்ளைகளோடோ அதே வீட்டில் சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய இடத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று தெரிந்தது. அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. கஞ்சி கொண்டுவந்தவருக்குப் பொய் சொன்னவன் நான்.

எம்மவர் முதலில் தேடிப்போவது பேஸ்மன்றைத்தான் என்பதால் இதை விரிவாக எழுதினேன். தனிச் சமையலறை உள்ள பேஸ்மன்றுக்குச் சட்டம் பொருந்தும். ஆனாலும் மேலும் கீழுமாக வாழப்போகிறவர்களிடம் மறைத்துக் குடிபோவதை நான் சொல்லித்தர மாட்டேன். தன் மகனுக்காகவோ தனக்காகவோ வீடு வேண்டும் என்று உண்மையாகவே சொல்லக்கூடிய சொந்தக்காரர், 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுத்து உங்களை எழுப்பலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொண்டோக்களின், அதாவது ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆளுக்குச் சொந்தமான தொடர்மாடிகளின், கதை வேறு. அங்கே வீட்டுக்காரர் சம்மதித்தாலும் போதாது. கட்டடத்துக்கென்று பதிவுசெய்யப்பட்ட பிரகடனம் என்ற அடிப்படைப் பத்திரத்தில் நாய்களுக்குத் தடையோ நிறைக்கு எல்லையோ இருந்தால் அது வாடகைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும். உங்கள் நாய் 18 கிலோ என்கிறீர்கள். ஆகவே கையெழுத்துக்கு முன்னரே பிரகடனத்தையும் விதிமுறைகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், வாடகைக்கென்றே கட்டப்பட்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய தொடர்மாடிகளைத்தான் முதலில் பார்ப்பேன். குசினி பழசாக இருக்கும், உடுப்புத் தோய்க்கக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் நாய் அங்கே புதினமல்ல. வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாடகையைக் கூட்டக்கூடாது என்ற வரம்பும் அங்கே உண்டு; 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முறையாக ஆட்கள் குடிபுகுந்த வீடுகளுக்கு அது இல்லை. 2025இல் அந்த வரம்பு 2.5 வீதம். விண்ணப்பத்தில் நாயைப் பற்றிக் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டிருந்தால் பொய் எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு சிறு ஆவணக் கோவை தயாரித்துக்கொண்டு போங்கள்: விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழ், மிருக வைத்தியரின் கடிதம், மாநகரசபையின் நாய் உரிமம், ஒரு நல்ல படம். வேலைக்கு விண்ணப்பிப்பது போலிருக்கிறது என்று என் மனைவி சிரித்தார். ஆனால் எங்களுக்கு அந்தக் கோவைதான் வீடு எடுத்துத் தந்தது.

நாய்க்கென்று தனியாக முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடைசி மாத வாடகையும், திறப்புக்கான திருப்பித் தரக்கூடிய சிறு தொகையும் தவிர வேறு வைப்புப் பணம் வாங்க இங்கே அனுமதியில்லை.

இன்னுமொன்று, மாடியைப் பற்றி. காட்சி நன்றாக இருக்கிறதென்று நாங்கள் பதினான்காம் மாடியை எடுத்தோம். பெப்ரவரி நடுச்சாமத்தில் நாய்க்கு வயிறு குழம்பி, லிப்ட் வேலை செய்யாமல், குளிரங்கியைப் பாதி மாட்டியபடி அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவன் நான். பாதைக்குப் போட்டிருந்த உப்பு காலில் எரிந்ததால் திரும்ப ஏறும்போதும் அது நடக்க மறுத்துவிட்டது. ஆகவே இரண்டாம், மூன்றாம் மாடியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு பார்க்கப் போகும்போது படிக்கட்டுக் கதவு எங்கே திறக்கிறது, அதிலிருந்து புல்தரை எத்தனை அடி என்பதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.