கூடமே கோணல்

அன்புள்ள ஐயா,

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியில் ‘ஹாட்சுனே மிகு: ப்ராஜெக்ட் டிவா மெகா மிக்ஸ்’ ஆடுகிறேன். திரையில் பறந்து வரும் பட்டன் குறிகளை, அதாவது நோட்டுகளை, பாட்டின் தாளத்துக்கு அழுத்தும் விளையாட்டு. டிவியில் மாட்டுவதில்லை, எப்போதும் கையில் வைத்துத்தான். ஹார்ட் நிலைப் பாட்டுகள் முடிகின்றன. அதைவிடக் கடினமான எக்ஸ்ட்ரீமில் ஒரே நோட்டு வரிசையாகப் பாயும் இடங்களில் காம்போ, அதாவது தவறாமல் அடித்துவரும் தொடர், அறுந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நல்ல ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினேன். ஒலி தாமதமாக வந்ததால் செட்டிங்ஸில் டைமிங்கையும் நகர்த்திவிட்டேன். அப்படியும் மிகச் சரியான நேரத்துக்குக் கிடைக்கும் கூல் குறைவு, அதற்கு அடுத்தபடியான ஃபைன்தான் அதிகம். வயது 38. அனிச்சை மங்கிவிட்டதா? ஸ்விட்சின் சிறிய வகையான ஸ்விட்ச் லைட் வாங்கினால் சரியாகுமா? ‘மெஷின் பாடுற பாட்டுக்கு இவ்வளவு பாடா’ என்று நண்பர்கள் வேறு கேலி செய்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

நண்பர்களை விடுங்கள். மிகு என்பது சப்போரோவின் கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட ஒரு பாடும் மென்பொருள். அடியில் இருப்பது யமஹாவின் வோகலாய்ட் 2 என்ற பாட்டுக் குரல் தொழில்நுட்பம், குரல் நடிகை ஃபுஜிடா சகியுடையது. வரியையும் சுரத்தையும் இட்டு அதைப் பாடவைப்பவர்கள் மனிதர்கள். இதை யாரிடமும் வாதாடி நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வயதைப் பற்றிய கவலையும் வேண்டாம். அனிச்சைக்கு இதில் பெரிய வேலை கிடையாது. நோட்டு பறந்து வருவதற்கு முன்பே அது போய்ச் சேரவேண்டிய இடம் திரையில் தோன்றிவிடுகிறது. அங்கே ஒரு முள் சுற்றிவந்து உச்சியைத் தொடும்போது அழுத்த வேண்டும். அந்த நொடி எது என்பதைப் பாட்டே சொல்லிவிடும். கேட்டு ஆடுகிறவருக்கு 38 ஒரு வயதா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல். உங்களுக்கு ஆடத் தெரியும், அந்த ஹெட்போன்தான் கெடுக்கிறது. நல்ல ஹெட்போனாகவே இருக்கட்டும். தாள விளையாட்டுக்கு ப்ளூடூத் ஆகாது. டைமிங்கை நகர்த்தினால் சரியாகிவிடும் என்று எப்படி நம்பினீர்கள்?

கணக்கு போட்டுப் பாருங்கள். தாமதம் 150 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ப்ளூடூத்தில் அது சாதாரணம். நிமிடத்துக்கு 180 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 333 மில்லி செகண்ட், அடிக்கு நான்கு நோட்டு வந்தால் ஒன்றுக்கு 83. அதாவது வேகமான வரிசையில் கிட்டத்தட்ட இரண்டு நோட்டு பின்னால் இருப்பதைத்தான் உங்கள் காது கேட்கிறது. டைமிங்கை 150 நகர்த்தினீர்கள், கேட்ட இடத்தில் அழுத்தினால் கூல் விழ வேண்டும். விழாது. ஏனென்றால் பட்டனை அழுத்தியதும் எழுகிற ‘டக்’ ஒலியும் அதே ப்ளூடூத் வழியாகத்தான் வருகிறது. நீங்கள் அழுத்தி 150 மில்லி செகண்ட் கழித்துத்தான் அது காதில் விழும். தன் ‘டக்’ பாட்டுக்குப் பின்னால் கேட்டால் காது பொறுக்காது, விரலை அறியாமலே முன்னால் இழுக்கும். இழுத்தால் ஃபைன், அதற்கும் மேல் இழுத்தால் சேஃப். கூலும் ஃபைனும் காம்போவைக் காக்கும், சேஃப் அறுத்துவிடும். நிதானமான பாட்டில் இந்த இழுபறி தெரியாது, எக்ஸ்ட்ரீமில் அம்பலமாகிவிடும். போதாததற்கு ப்ளூடூத்தின் தாமதம் ஒரே அளவாக நிற்பதுமில்லை. இன்று வைத்த எண் நாளைக்குப் பொருந்தாது.

டைமிங்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்விட்சின் மேல் விளிம்பில் 3.5 மி.மீ. துளை இருக்கிறது, ஒயர் ஹெட்போனைச் செருகுங்கள். விலை மலிந்ததே போதும். அது வந்து சேரும்வரை ப்ளூடூத்தை விட மனமில்லை என்றால் பட்டன் ஒலியையாவது அடியோடு குறைத்துவிடுங்கள், பாதி குழப்பம் தீரும்.

பாயும் வரிசையைப் பற்றி. பி, பி, பி, பி என்று எட்டு வந்தால் எட்டையும் வலது கட்டைவிரலாலேயே குத்துகிறீர்கள், கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. எதற்கு இந்த வீம்பு? இந்த விளையாட்டில் இடப்பக்கத்துக் கீழ் அம்புக்குறியும் பி பட்டன்தான். மேல் அம்பு எக்ஸ், வலது ஏ, இடது ஒய். வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி அடியுங்கள். 83 மில்லி செகண்டுக்கு ஒன்று என்பது ஒரு விரலுக்கு 166-க்கு ஒன்றாகிவிடும், மூச்சுவிட நேரம் கிடைக்கும். முதல் அடியை எப்போதும் ஒரே கையில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் நோட்டு மாறும்போது இரண்டு கையும் ஒரே பட்டனுக்கு ஓடும். பிராக்டிஸில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஆடுங்கள். முழுப் பாட்டையும் முதலிலிருந்து ஆடுவது சோம்பேறித்தனம், உழைப்பு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். நேரம் சரியாக இருந்து பட்டன் தவறினால் காம்போ போகும், ஆனால் தவறு எதில் என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் கட்டாதீர்கள்.

லைட் வேண்டாம். அதில் இடப்பக்கம் நான்கு திசைக்கும் ஒரே சிலுவைக் கட்டைதான். மேலும் கீழும் சேர்ந்து வரும் நோட்டை அந்தக் கட்டையில் ஒரே கையால் அழுத்த முடியாது. உங்கள் ஸ்விட்சின் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஜாய்-கானில் நான்கும் தனித்தனிப் பட்டன். கையிலிருக்கும் நல்லதை விட்டுவிட்டு எதற்கு வேறு தேடுகிறீர்கள்?

ஹெட்போனே இல்லாமல், கருவியின் ஸ்பீக்கரிலேயே, பழகிய பாட்டு ஒன்றை மூன்று தடவை ஆடிவிட்டுக் கூல் எண்ணிக்கையை எழுதுங்கள். ஹெட்போனின் பிராண்டை எழுத வேண்டாம். எனக்குத் தேவையில்லை.