ரீகண்டிஷன் செய்த டர்போவை எப்படிப் பழக்குவது?

டர்போ (இன்ஜின் புகையின் விசையில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாற்றிய பிறகு 1000 கிலோமீட்டர் வரை 60 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மெதுவாக ஓட்டுவதில் தப்பில்லை. ஆனால் புது டர்போவின் தலையெழுத்து பெரும்பாலும் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் அந்த அரை நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிடும்.

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் ரன்னிங் இன், அதாவது கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்குவது, அவசியம். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். டர்போவில் அப்படி உரசிப் பழக எதுவும் இல்லை. பெரும்பாலான கார் டர்போக்களில் வீல்களைத் தாங்கும் ஷாஃப்ட், பேரிங்குக்குள் மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது, அதுவும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். ஆயில் வருவதற்குள் அந்த வேகம் வந்தால் கதை முடிந்தது.

என் பழைய டீசல் காரில் முதல் தடவை டர்போ மாற்றியபோது, மெக்கானிக் மாட்டிய கையோடு சாவியைத் திருப்பி, "பிக்கப் பாருங்க சார்" என்று ஆக்சிலேட்டரை மிதித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் விசில் சத்தம், பின்னாலேயே நீலப் புகை.

அடுத்து போனது லாரி வேலையில் நரைத்த ஒருவரிடம். "டர்போ தானா சாகாது, எது கொன்னுச்சுன்னு பார்ப்போம்" என்று ஆயில் பைப்பைக் கழற்றினார். உள்ளே கரி அடைத்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி. முதல் மெக்கானிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைப், ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது போட்டார். கேஸ்கட்டில் பேஸ்ட் தடவ விடவில்லை. பிதுங்கும் துணுக்கு ஆயில் வழியை அடைத்துவிடுமாம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார், அரை டம்ளர் ஆயில் கொட்டியது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ஏறிக் கத்த ஆரம்பித்தால், சாவியை அணைத்தாலும் நிற்காது.

அப்புறம் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றி, அதற்குள் காற்றாடி மாதிரி இருக்கும் வீலை விரலால் சுற்றினார். இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி பத்துப் பத்து விநாடி செல்ஃப் அடித்தார். இப்படி ஆயில் லைட் அணையும் வரை. பெட்ரோல் வண்டியில் பொதுவாக ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுப்பார்கள். கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தபின் ஐந்து நிமிடம் ஐடிலிங்தான், யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் எரிந்து கால் மணி நேரம் புகைந்தது. நான் பயந்தேன், அவர் டீ குடித்தார்.

300 கிலோமீட்டர் வரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டச் சொன்னார். அது டர்போவைப் பழக்க அல்ல; ஹோஸ் கிளிப் தளர்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா என்று பார்க்கத்தான்.

நீங்கள் ஏற்கெனவே மாட்டி ஓட்டிவிட்டீர்கள் என்றால், இன்ஜின் ஆறியபின் ஏர் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடுவது கையில் தெரிந்தாலோ, டர்போ வீல் அதன் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, மேற்கொண்டு ஓட்டாமல் மாட்டியவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.