டகோட்டா நினைவு நடைப்பயணம் என்றால் என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அமெரிக்க அரசுக்கும் டகோட்டா பழங்குடியினருக்கும் 1862-இல் நடந்த போருக்குப் பின், அந்த நவம்பரில் படைவீரர்களின் காவலில் ஸ்னெல்லிங் கோட்டைத் தடுப்பு முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்ட ஏறத்தாழ 1,700 டகோட்டா மக்களை, அவர்களுடைய வழித்தோன்றல்கள் அந்தப் பாதையிலேயே நடந்து நினைவுகூர்ந்த சடங்கு இது. முதன்முதலில் 2002-இல் நடந்தது. மைலுக்கு மைல் நின்று, முன்னோர் பெயர் எழுதிச் சிவப்புத் துணி கட்டிய மரக்குச்சியை நிலத்தில் ஊன்றி, அப்பெயரை உரக்க வாசித்து, புகையிலை படைத்தார்கள் (அது புகைப்பதற்கன்று, வேண்டுதலுக்கான காணிக்கை). வெறும் எண்ணிக்கையாகப் பேசப்பட்டவர்களைப் பெயருள்ள மனிதர்களாக மீட்பதே நோக்கம். வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது வராதவரின் வெற்றிடம் எல்லோருக்கும் புலப்படுவதைப் போன்றது இது. நடத்திச் செல்லப்பட்டவர்கள் போரிட்டவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.