என் மகள் ஜேஆர்ஓடிசியில் (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் படைத்துறை மாணவர் பயிற்சி) சேர்ந்து அரையாண்டு ஆகியும் பறக்கவில்லை. அந்த வகுப்பில் விமானத்தில் ஏற்றுவார்களா?
வழக்கமாக ஏற்ற மாட்டார்கள். அமெரிக்க விமானப்படையின் ஜேஆர்ஓடிசி ஒரு பள்ளிப் பாடம்தான்: விமானவியல், தலைமைப் பண்பு, உடற்பயிற்சி, அணிவகுப்பு. அரையாண்டு ஆகியும் உங்கள் மகள் பறக்காததற்கு அதுவே காரணம்.

நீங்கள் இதை அமெரிக்க விமானப்படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலுடன் குழப்பிக்கொண்டிருக்கலாம். (சீருடையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, யாருக்கும் குழம்பும்.) அங்கே 12 வயதிலேயே சேரலாம். 18 வயதுக்குள் என்ஜின் விமானத்தில் ஐந்து, கிளைடரில் (என்ஜின் இல்லாத விமானம்) ஐந்து என அறிமுகப் பறப்புகள் இலவசம். ஜேஆர்ஓடிசி, சிவில் ஏர் பேட்ரோல் இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

அப்புறம், ஃப்ளைட் அகாடமி (விமானப்படையின் கோடைகால விமானப் பயிற்சி) உதவித்தொகை பற்றிப் பள்ளிப் பயிற்றுநரிடம் கேளுங்கள். கோடையில் சில வாரங்களில் விமானி உரிமம் வரை போகலாம்.

ஆனால் என்ஜின் விமானத்தில் தனியாகப் பறக்க 16, உரிமத்துக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சிக்குக் காசு கட்டும் முன் மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள்.