தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் ஒரு எம்எல்ஏவின் அரசியல் அத்தோடு முடிந்துவிடுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "தேவிகுளம் எம்எல்ஏ ராஜாவின் வெற்றியைச் சாதிச் சான்றிதழ் விவகாரத்தில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே, அதோடு அவர் அரசியல் காலி தானே? இப்படிப் பதவி போனவர் யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா?"

காலி ஆகவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023 மார்ச் 20. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். உச்ச நீதிமன்றம் முதலில் அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தது: சட்டசபைக்குப் போகலாம், ஓட்டுப் போடக்கூடாது, படி வாங்கக்கூடாது. பிறகு 2025 மே 6 அன்று, உயர் நீதிமன்றத் தீர்ப்பையே தள்ளிவிட்டு, 2021-ல் அவர் பெற்ற வெற்றி செல்லும் என்று சொல்லிவிட்டது.

திரும்பி வந்தவர் யார் என்று கேட்டால், அதற்கும் எங்கள் தொகுதியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தேவிகுளத்திலிருந்து 1957-ல் ஜெயித்த ரோசம்மா புன்னூஸ்தான் கேரள சட்டசபையில் முதன்முதலாகப் பதவிப்பிரமாணம் எடுத்தவர். மற்றவர்களுக்குப் பிரமாணம் செய்து வைத்த தற்காலிக சபாநாயகரும் அவரே. அந்த வருஷமே அவருடைய தேர்தல் செல்லாது என்று தேர்தல் தீர்ப்பாயம் சொன்னது. காங்கிரஸ் வேட்பாளரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பது வழக்கு. 1958 இடைத்தேர்தலில் அவரே மறுபடி நின்று ஜெயித்தார். 126 பேர் கொண்ட சபையில் கம்யூனிஸ்டுகள் 60 பேர், ஆதரித்த சுயேச்சைகள் 5 பேர். அந்த நிலைமையில் ஒரு இடம் போனாலும் ஆட்சிக்கு ஆபத்து. அதனால் பெரிய தலைவர்களெல்லாம் மலை ஏறி வந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். கூட வந்த தம்பி பிற்பாடு இளையராஜா ஆனார். என் தாத்தா அந்தப் பாட்டைக் கேட்டவர். மஸ்டர் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) முன்னால் லாந்தர் வெளிச்சத்தில் கேட்டதாகச் சொல்வார். ரோசம்மா 1987-ல் ஆலப்புழையிலும் ஜெயித்தார். நூறு வயது வாழ்ந்து 2013-ல் இறந்தார். ஒரு தீர்ப்பு அவரை முடித்துவிடவில்லை.

சட்டம் என்னவென்றால், தேர்தல் செல்லாது என்பது வேறு, தகுதியிழப்பு என்பது வேறு. குற்ற வழக்கில் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவியும் போய், விடுதலைக்குப் பிறகும் ஆறு வருஷம் நிற்க முடியாது. ராஜா வழக்கு அந்த ரகம் இல்லை. தோற்றவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுகிறார், தாழ்த்தப்பட்டோருக்கான இந்தத் தனித்தொகுதிக்கு இவர் தகுதியானவரா என்ற கேள்வி மட்டும் தீர்மானமாகிறது. எதிராகத் தீர்ப்பு வந்தாலும் பொதுத்தொகுதியில் அவர் நிற்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "சாதிச் சான்றிதழ் விவகாரம்" என்று நீங்கள் சாதாரணமாக எழுதியிருப்பது என்னை உறுத்துகிறது. நீங்கள் மூணாறுக்குச் சுற்றுலா வந்தவராக இருக்கலாம். தேயிலைக் காட்டுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். பின்னால் தெரிந்த லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு சான்றிதழுக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் அலைகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாதது உங்கள் தப்பு இல்லை.

ராஜா வழக்கில் இரண்டு கேள்விகள் இருந்தன. குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டதா என்பது ஒன்று; மாறியிருந்தால் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம் இல்லை. அதற்கு சர்ச் பதிவேடும் கல்யாண போட்டோவும் கோர்ட்டுக்குப் போயின. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் கேரளப் பட்டியலில் சேருமா என்பது இன்னொன்று. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. அதற்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்த குடும்பம் என்றால் இங்கே அந்தச் சாதி, பிறகு வந்தது என்றால் இங்கே இல்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் சொந்த அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது.

2019-ல் என் மகன் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அரசு சேவைகளுக்கு விண்ணப்பிக்கும் அக்ஷயா சென்டரில் விண்ணப்பம் போட்டேன். வில்லேஜ் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, 1950-க்கு முன் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வரச் சொன்னார்கள். எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்து வரும் கங்காணியோடு மலைக்கு வந்தவர். அப்பா பிறந்தது 1947-ல் எஸ்டேட் லயத்தில். எங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் காகிதம் எங்கே? எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோல் புத்தகம், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, கேட்டேன். அவ்வளவு பழசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பதில்.

அப்புறம் அப்பா படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன். பெஞ்சு மேல் ஏறி, அலமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரை அவரே இறக்கினார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அப்பாவின் பெயர், சாதி, பிறந்த எஸ்டேட், எல்லாம் இருந்தன. நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் நகல் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வில்லேஜ் ஆபீசில் அதை வாங்கிப் பார்த்தவர், ரிஜிஸ்டரில் மலையாளத்தில் மாடஸ்வாமி என்று இருக்கிறது, ஆதாரில் மாடசாமி என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும் என்றார். இரண்டும் ஒருவரே என்று ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டுமாம். அதற்கு இன்னொரு விண்ணப்பம், இரண்டு சாட்சி, எனக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்கு ஜீப்பில் எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

கடைசியாக விசாரணைக்கு வீட்டுக்கே ஒருவர் வந்தார். முன்னறையில் வேளாங்கண்ணி மாதா படம் மாட்டியிருக்கிறது. என் மகன் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு, குணமானதும் போய் மொட்டை போட்டு வாங்கி வந்த படம். பக்கத்திலேயே முருகனும் இருக்கிறார், மாரியம்மனும் இருக்கிறாள். அவர் மாதாவை மட்டும் பார்த்து, "நிங்கள் கிறிஸ்தியானியா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். பின்னே எதற்கு இந்தப் படம் என்றார். எங்கள் எஸ்டேட்டில் கோயில் திருவிழாவுக்கு சர்ச்காரர்கள் வருவார்கள், சர்ச் திருவிழாவுக்கு நாங்கள் சப்பரம் பார்க்கப் போவோம், அவர்கள் கொடுக்கும் பிரியாணியைச் சாப்பிடுவோம். அதை ஒரு அதிகாரிக்கு எப்படி விளக்குவது? என் சின்ன சித்தப்பா ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதையும் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க, மகன் எழுந்து அந்தப் படத்தைக் கழற்றப் போனான். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சான்றிதழ் கடைசியில் வந்தது. ஆனால் அந்த வருஷம் அட்மிஷன் போய்விட்டது. அடுத்த வருஷம்தான் சேர்ந்தான்.

"அப்படியென்றால் மதம் மாறியவர்களும் தனித்தொகுதியில் நிற்கலாமா, உண்மையான தலித்தின் இடம் போகாதா?" என்று யாராவது கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. தனித்தொகுதி எங்களுக்காக உண்டானது, அதில் தகுதி இல்லாதவர் உட்கார்ந்தால் நஷ்டம் எங்களுக்குத்தான். வழக்குப் போட்ட காங்கிரஸ் வேட்பாளருக்கு அந்த உரிமை உண்டு. நான் எந்தக் கட்சியும் இல்லை, இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஆனால் கோர்ட்டில் சர்ச் பதிவேட்டையும் கல்யாணப் போட்டோவையும் வைத்து வாதாடுகிறார்கள் என்று டிவியில் கேட்டபோது, என் முன்னறையில் நின்று மாதா படத்தைப் பார்த்த ஆள்தான் ஞாபகம் வந்தார்.

ராஜா 2021-ல் தமிழில் பதவிப்பிரமாணம் எடுத்தபோது எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தோம். பிறகு அதுவும் செல்லாது என்றார்கள். தயாரித்துக் கொடுத்த தமிழ் வாசகத்தில் 'கடவுளின் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார' என்பதும் இல்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசித்தார். சில நாளில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாநிலத்தில் ஒரு தமிழ் வாசகத்தைச் சரியாக எழுதித் தர ஆள் இல்லையா என்று அன்றைக்கு எங்கள் அம்மா கேட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 38 வருஷம் கொழுந்து எடுத்தவர். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, பெண்கள் ஒற்றுமை என்று சேர்ந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு தினக்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லை, நான் டவுனில் தையல் கடையில் இருக்கிறேன். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து ஒரே ராத்திரியில் 70 பேர் போனார்களே, அவர்களும் சொந்த மண் இல்லாமல் லயத்தில் தூங்கியவர்கள்தான். ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டுமனைப் பட்டா என்கிறார்கள். எம்எல்ஏ யார், எந்தக் கட்சி என்பது மாறிக்கொண்டிருக்கிறது. அம்மா பெயரில் ஒரு சென்ட் நிலம் இன்னும் இல்லை.

கேள்விக்கு வெளியே போய்விட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இதே சான்றிதழ் பிரச்சினை என்றால், முதலில் பழைய பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேடுங்கள், எஸ்டேட் ஆபீசை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். என் சின்னவள் இந்த வருஷம் பிளஸ் டூ. அண்ணனுக்கு வாங்கிய எல்லாக் காகிதமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கிறது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு அக்ஷயா சென்டருக்குப் போகிறோம்.