பேஸ்மென்ட்டில் ரேடான் 6.2: அந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டியில் ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறோம். பேஸ்மென்ட்டில் (தரைமட்டத்துக்குக் கீழுள்ள தளத்தில்) 48 மணி நேரம் கருவி வைத்துப் பார்த்ததில், ரேடான் என்னும் கதிரியக்க வாயுவின் அளவு காற்றில் லிட்டருக்கு 6.2 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வந்துள்ளது. ஊரிலிருந்து வரும் மாமனாரை ஆறு மாதம் அந்த பேஸ்மென்ட் அறையில்தான் தங்கவைக்க நினைத்திருந்தோம். அவர் நாற்பது ஆண்டுகளாக சிகரெட் பிடிப்பவர். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்கிறார் கணவர். வீடே வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்: வீட்டைக் கைவிடவும் வேண்டாம், சன்னலை நம்பவும் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 4 பிக்கோகியூரியும் அதற்கு மேலும் இருந்தால் வீட்டைச் சீரமைக்கச் சொல்கிறது. உங்கள் எண் அதைத் தாண்டியதுதான். ஆனால் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 40 சதவீத வீடுகள் அந்த வரம்பைத் தாண்டுகின்றன என்பதால், இதை விட்டு வேறு வீடு பார்த்தாலும் இதே எண் அங்கேயும் காத்திருக்கக்கூடும். கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்களோ அதையே இதற்கும் செய்யுங்கள்: சரிசெய்யும் செலவை விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியத்திலிருந்து நிறமும் மணமும் இல்லாத ரேடான் வாயு பிறக்கிறது. திறந்தவெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். வீட்டுக்குள் நிலைமை வேறு. குளிர்காலத்தில் ஹீட்டரால் சூடான காற்று மேலெழுந்து மாடி இடுக்குகள் வழியே வெளியேற, கீழே அழுத்தம் குறைந்து, கான்கிரீட் தரையின் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, நிலத்தடி நீர் வடிந்து சேரும் சம்ப் குழி ஆகியவற்றின் வழியாக மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடே உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊரில் பேஸ்மென்ட் அரிது, சன்னல்களும் ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கும். ஆகவே இந்தப் பெயர் உங்கள் மாமனாருக்குப் புதிதாக இருந்தால் வியப்பில்லை.

மூச்சில் உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். தீங்கு செய்பவை அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 என்னும் திண்மத் துகள்கள். அவை தூசியில் ஒட்டி மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா கதிர்களை வெளியிட்டு உயிரணுக்களைச் சிதைக்கின்றன. இதன் விளைவு நுரையீரல் புற்றுநோய். தலைவலி, இருமல், தோல் அரிப்பு ஆகியவற்றை ரேடானோடு இணைத்து வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பொருட்படுத்த வேண்டாம். உடனடி அறிகுறி என்று ரேடானுக்கு எதுவும் கிடையாது.

ஆபத்தின் அளவை முகமையின் கணக்கிலேயே சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் 4 பிக்கோகியூரி அளவில் வசிக்கும் ஆயிரம் பேரில், ஒருபோதும் புகைக்காதவர்களானால் சுமார் 7 பேருக்கும், புகைப்பவர்களானால் சுமார் 62 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரலாம். 8 பிக்கோகியூரியில் அந்த எண்கள் முறையே 15, 120 என்று உயரும். உங்கள் 6.2 இவற்றுக்கு இடையில் வரும். இது பல்லாண்டுக் கணக்கு. எனவே ஆறு மாதம் தங்கிப் போகும் மாமனாரைவிட, அந்த வீட்டில் இருபது ஆண்டு வாழப்போகும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் இது முக்கியம். அவருக்கு ரேடானைவிட சிகரெட்டே பெரிய பகை, அதை விடச் சொல்வதே முதல் மருந்து. 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டுகளுக்கு நிகராகப் புகைத்தவர்களுக்கு, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. இதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் புகைக்காதவரானால், ரேடானை எண்ணி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

வீட்டு ரேடான் பற்றி அமெரிக்கா விழித்துக்கொண்டதே உங்கள் மாநிலத்தில்தான். 1984 டிசம்பரில், லிமரிக் அணுமின் நிலையத்தில் பொறியாளராக இருந்த ஸ்டான்லி வாட்ராஸ் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்தது. ஒரு நாள் காலையில் வேலைக்கு நுழையும்போதே அது ஒலிக்கவும், அவர் மேல் ஒட்டியிருந்த கதிரியக்கம் நிலையத்திலிருந்து வந்ததல்ல, பாயர்டவுன் அருகே இருந்த அவருடைய வீட்டிலிருந்து வந்தது என்பது புலப்பட்டது. அங்கு அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி இருந்தது. அப்படிப்பட்ட வீடே சீரமைக்கப்பட்டு, அந்தக் குடும்பம் அதற்குத் திரும்பியது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் கணவரின் யோசனை. சன்னலைத் திறந்தால் அளவு குறையும் என்பது உண்மையே. அதை மூடிய பின் அரை நாளுக்குள் பழைய நிலைக்கு ஏறிவிடும் என்பதும் உண்மை. மாடிச் சன்னலை மட்டும் திறந்தால் உறிஞ்சல் கூடவும் செய்யலாம். பென்சில்வேனியாவின் ஜனவரிக் குளிரில் எத்தனை நாள் திறந்து வைப்பீர்கள்? ஏர் பியூரிஃபையரால் வாயுவை அகற்ற முடியாது. விரிசல்களை அடைப்பது நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது.

பெரும்பாலும் கைகொடுக்கும் நிலையான தீர்வு இதுதான். தரைக் கான்கிரீட்டில் துளையிட்டு, அதன் அடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாயைக் கூரைக்கு மேல்வரை கொண்டுசென்று, பரண் போன்ற வசிக்காத இடத்தில் ஒரு மின்விசிறியைப் பொருத்தி, மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீட்டுக்குள் வருமுன்பே இழுத்து வெளியேற்றிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நாள் வேலை. விற்பவரே செய்து தருகிறேன் என்று சொன்னால் நான் தயங்குவேன். அவருக்கு மலிவு முக்கியம், உங்களுக்குத் தரம் முக்கியம். பணமாக விலையில் கழித்துக்கொண்டு, மாநிலச் சான்று பெற்ற ஒப்பந்தக்காரரை நீங்களே அமர்த்துவது மேல். விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழிந்த பிறகு, 30 நாளுக்குள், சன்னல் கதவுகளை மூடிய நிலையில் மறுபடியும் அளக்க வேண்டும். அந்த அளவு 2-க்குக் கீழே வந்தால் வேலை நன்றாக முடிந்தது என்று கொள்ளலாம். அதுவரை மாமனாருக்கு மாடியில் ஓர் அறையை ஒதுக்குங்கள்.

பேஸ்மென்ட்டில் அந்தக் குழாயின் மேல் ஆங்கில 'யு' வடிவத்தில் வண்ணத் திரவம் நிரம்பிய ஒரு சிறு குழல் இருக்கும். இரு பக்கமும் திரவம் ஏற்றத்தாழ்வாக நின்றால் விசிறி இழுக்கிறது; இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி நின்றுவிட்டது. துணி துவைக்கக் கீழே இறங்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.