தெருச் சாப்பாடு, கோயில், ஊர் வாழ்க்கை மூன்றுக்கும் எந்த ஊர்?

வெளிநாட்டில் இந்த மூன்றையும் நடந்தே பார்க்க ஒரு ஊர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஒசாகா. ஜப்பான் போகிறவர்கள் கியோட்டோவில்தான் நாட்களையெல்லாம் செலவழிக்கிறார்கள், அது அழகான ஊர்தான், ஆனால் ஒசாகா வியாபாரிகளின் ஊர், அங்கே சாமியே கடைத்தெருவில்தான் இருக்கிறார்.

சாயங்காலம் நம்பா ரயில் நிலையத்தில் இறங்கி டோடோன்போரி கால்வாய்ப் பக்கம் போங்கள். முதலில் டகோயாகி. 1930களில் இந்த ஊரில் பிறந்த பண்டம், நம் பணியாரக் கல் மாதிரியே குழிக்கல்லில் மாவு ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு போட்டு, கம்பியால் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். எடுத்த எடுப்பில் முழுசாக வாயில் போட்டுவிடாதீர்கள், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டு, தட்டைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் எளிதில் கிடைக்காது.

அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு நிமிடம் உள்ளே நடந்தால் ஹோசென்ஜி கோயில். கல் பாவிய குறுகலான சந்து, இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் உடம்பு முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்த ஃபுடோ என்ற பௌத்தக் காவல் சாமியின் சிலை. வருகிறவர்கள் எல்லோரும் அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றி வேண்டிக்கொள்வதால் வந்த பாசி அது. வேலை முடிந்து வருகிறவர்களும் ஓட்டல்காரர்களும் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், நீங்களும் ஊற்றலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே ஒரு கடையில் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி, ஒருவர் கேட்டாலும் இரண்டு கிண்ணத்தில்தான் வரும். தம்பதி ஒற்றுமைக்காம்! தனியாகப் போனால் இரண்டும் உங்களுக்கே.

ஜனவரி 9, 10, 11இல் போக முடிந்தால் இமாமியா எபிசு கோயிலை விடாதீர்கள். எபிசு வியாபாரத்துக்கான சாமி. அவருக்குக் காது மந்தம் என்று நம்பிக்கை, அதனால் முன்னால் கும்பிட்டது போதாதென்று பின்பக்கமாகப் போய்த் தட்டி, வந்த விஷயத்தை இன்னொரு முறை சொல்லிவிட்டு வருகிறார்கள். வழி நெடுக தள்ளுவண்டித் தீனி வேறு.

ஒசாகாவின் ஷின்செகாய் பகுதியில் குஷிகாட்சு (குச்சியில் குத்திப் பொரித்தது) சாப்பிடும்போது ஒரே சட்டம்தான்: எல்லோருக்கும் பொதுவாகச் சாஸ் வைத்திருக்கும் கடையென்றால் அதில் ஒரு முறைதான் முக்க வேண்டும், கடித்ததைத் திரும்ப முக்கக் கூடாது. இன்னும் சாஸ் வேண்டுமென்றால் கூட வரும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளிக்கொள்ளலாம்.

சுத்த சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காய்கறிப் பண்டத்திலும் மீன் சாறு இருக்கும், குஷிகாட்சுவில் தாமரைக் கிழங்கு கேட்டால்கூட இறைச்சி பொரித்த எண்ணெய்தான். பயறுக் கஞ்சி, சுட்ட சர்க்கரைவள்ளி, இவற்றை நம்பலாம்.

அப்புறம், அரை நாள் மிச்சம் இருந்தால் நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் இகோமா போங்கள், இருபது நிமிடம்தான். அங்கிருந்து மலையேற 1918இல் தொடங்கிய கேபிள் ரயில், ஜப்பானிலேயே முதலாவது. மேலே ஹோசான்ஜி கோயில். அங்கே இருக்கும் காங்கிடென் வேறு யாருமில்லை, நம் பிள்ளையார்தான். ஒசாகா வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக அவரிடம் போகிறார்கள். ஆனால் அவர் சிலையை யாருக்கும் காட்ட மாட்டார்கள், அவருடைய பிணைந்த இரட்டை முள்ளங்கிச் சின்னத்தைப் பார்க்கலாம். கொழுக்கட்டை எதிர்பார்க்காதீர்கள்.